இது வெட்கப்பட வேண்டிய தசை அல்ல!



வரப்போரம் மேயும் பசுவைக் கவனித்திருப்பீர்கள். முதுகில் ஈ உட்கார்ந்தால் வாலைச் சுழற்றி விரட்டிவிடுகிறது. வாலை அசைப்பதற்கென்றே அதன் இடுப்பின் அடியில் சில தசைகள் உள்ளன. நமக்கு வால் இல்லை. முதுகெலும்பின் கடைசியில் வால் எலும்பு என்ற சிறு மிச்சம் மட்டுமே இருக்கிறது. அப்படியானால் அந்தத் தசைகள் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. நம் உடலில் அவை வேறு உத்தியோகம் பார்க்கின்றன! நான்கு கால் பிராணிகளின் குடல் முதலிய உறுப்புகளின் பாரம் பெரும்பாலும் வயிற்றுச் சுவரின்மேல் விழுகிறது. மனிதன் நிமிர்ந்து நின்றதும் அந்தப் பாரம் இடுப்பெலும்புக் கூட்டை நோக்கித் திரும்பியது. இந்தக் கூடு அடியில்லாத சட்டி போன்றது. அடியை மூடி, மேலே உள்ளவற்றைத் தாங்க ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா? அந்தப் பொறுப்பைத்தான் வாலை அசைத்த தசைகள் ஏற்றுக்கொண்டன. முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்பு வரை, குழந்தையைப் போடும் தூளி போல அவை விரிந்து கிடக்கின்றன. இவற்றையே இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம்.

கைத்தசையைக் காட்டச் சொன்னால் உடனே முழங்கையை மடக்கிக் காட்டுவீர்கள். இதயம் ஒரு தசை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் இடுப்புத்தளத் தசையைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது இருக்கும் இடத்தைப் பற்றிப் பேச நமக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் மிகப் பெரிய விலை கொடுத்து வருகிறார்கள். அந்த விலையைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பை நிறைவதும் காலியாவதும்

சிறுநீரகங்கள் இரவும் பகலும் இரத்தத்தை வடிகட்டிக்கொண்டே இருக்கின்றன. வடிகட்டிய நீர் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பைக்கு வந்து சேருகிறது. வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். பை ஓரளவு நிறைந்தவுடன் அதன் சுவர் விரிவடைந்த செய்தி நரம்புகள் வழியாகத் தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகிறது. "இப்போது வேண்டாம், மணி அடிக்கட்டும்" என்று மூளை பதில் அனுப்புகிறது. வகுப்பு முடியும் வரை நீங்கள் உட்கார்ந்திருக்க முடிவது இதனால்தான்.

பையிலிருந்து வெளியே செல்லும் குழாய்க்குச் சிறுநீர்ப்புறவழி என்று பெயர். இதற்கு இரண்டு காவல்கள் உண்டு. பையின் கழுத்தில் இருக்கும் காவல் நம் விருப்பத்தைக் கேட்காமல் தானே இயங்குவது. அதற்குக் கீழே இருக்கும் சுருக்குத்தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. இந்த இரண்டாவது காவலுக்கு அடியிலிருந்து முட்டுக் கொடுப்பவைதான் இடுப்புத்தளத் தசைகள். நீர் கழிக்கும்போது பையின் சுவர் சுருங்குகிறது, காவல்கள் தளர்கின்றன. மற்ற நேரமெல்லாம் பை தளர்ந்து, காவல்கள் இறுகியிருக்கின்றன. இந்த ஏற்பாடு தவறும்போது, விருப்பம் இல்லாமலே சிறுநீர் வெளியேறுகிறது. இதுதான் சிறுநீர்க் கசிவு.

வரப்பும் சேறும்

இருமும்போதும் தும்மும்போதும் சிலருக்கு ஏன் நீர் கசிகிறது? இதை விளக்க ஓர் எளிய சோதனை போதும். ஓஸ் பைப் ஒன்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதைக் கெட்டியான வரப்பின்மேல் போட்டுக் காலால் மிதியுங்கள். தண்ணீர் நின்றுவிடும். அதே பைப்பை உழுது சேறாக்கிய வயலில் போட்டு மிதியுங்கள். பைப் சேற்றுக்குள் அமிழ்ந்துவிடும்; தண்ணீரோ நிற்காமல் ஓடும். மிதித்த கால் ஒன்றுதான். கீழே இருந்த தளம்தான் வேறு.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டெலான்சி என்ற மருத்துவ அறிஞர் 1994-இல் ஏறக்குறைய இதே விளக்கத்தைத்தான் கொடுத்தார். நாம் இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று உயர்கிறது. அந்த அழுத்தம் சிறுநீர்ப்பையை மட்டுமின்றிச் சிறுநீர்ப்புறவழியையும் மேலிருந்து நசுக்குகிறது. கீழே இடுப்புத்தளம் கெட்டியாக இருந்தால் குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். தளம் தொய்ந்திருந்தால் குழாய் மூடாது, நீர் கசியும்.

தளம் தொய்வது எதனால்? முக்கியமான காரணம் பிரசவம். குழந்தை பிறக்கும் நேரத்தில் இந்தத் தசைகளின் ஒரு பகுதி தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது என்று 2004-இல் கணினி மாதிரி கொண்டு நடத்திய ஆய்வு கணக்கிட்டது. தொடைத்தசையை அப்படி இழுத்தால் கிழிந்தே போகும்! பிரசவத்துக்குப் பின் பெரும்பாலான தாய்மார்களின் தசை மெல்ல மீண்டுவிடுகிறது. சிலருக்கு முழுவதும் மீள்வதில்லை. இதோடு நாள்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குவது, உடல் பருமன், தொடர்ந்து பாரம் தூக்குவது, மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள் ஆகியவை சேரும்போது தளம் மேலும் தளர்கிறது.

வாய் திறக்காததன் விலை

வெள்ளாற்றங்கரையில் உள்ள புவனகிரியை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் நெல் வயல்கள். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. காலை முதல் குனிந்த முதுகு நிமிராமல் செய்ய வேண்டிய வேலை அது. நாற்றுமுடியைத் தூக்கும்போதும், கட்டு சுமக்கும்போதும் வயிற்றழுத்தம் உயரும். இடுப்புத்தளம் தளர்ந்த ஒரு பெண்ணுக்கு அப்போது நீர் கசியும். வயல்வெளியில் ஒதுங்க மறைவிடமும் கிடைப்பதில்லை. அவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார்.

வெயிலில் வேர்வை சிந்தும் உடலுக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லலாம். சிறுநீர் அடர்த்தியாகிறது. நீர்க்கடுப்பு வருகிறது, கல் உண்டாக வாய்ப்புப் பெருகுகிறது, மயக்கம்கூட வரலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடர்ந்த சிறுநீர் பையின் உட்சுவரை உறுத்துவதால், அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு சிலருக்கு அதிகமாகிறது. எதைத் தடுக்கத் தண்ணீரை விட்டாரோ, அதுவே வலுக்கிறது!

இன்னொரு பெண்மணி சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகவே தயங்குகிறார். கல்யாண வீட்டுக்கு அழைத்தால் "நீங்க போய்ட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். வயதான பாட்டி இரவில் அவசரமாக எழுந்து இருட்டில் ஓடும்போது வழுக்கி விழுகிறார். தொடை எலும்பு முறிந்து படுக்கையாகிறார். "பாட்டி தடுக்கி விழுந்துட்டாங்க" என்று ஊரார் சொல்வார்கள். ஏன் ஓடினார் என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனையும் ஒருவர் வாய் திறந்து "எனக்கு இப்படி இருக்கிறது" என்று சொல்லாததால் வருகிறது. "பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும்", "வயசானா அப்படித்தான்" என்று பெண்களே தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். வயது ஏறினால் கண்ணில் புரை வருவதும் உண்டு. அதற்காகக் கண் தெரியாமல் இரு என்று யாராவது சொல்கிறோமா? முகாமுக்கு அழைத்துப் போகிறோம் அல்லவா?

முள் அசைந்தது!

இப்போது நல்ல செய்திக்கு வருவோம். இடுப்புத்தளம் தசையால் ஆனது. தசை என்றால் பயிற்சியால் வலுப்பெறும். கபடி ஆடுகிறவரின் தொடையும், மூட்டை தூக்குகிறவரின் தோளும் எந்த விதிப்படி வலுப்பெற்றனவோ, அதே விதிதான் இதற்கும்.

இதை மருத்துவ உலகம் கவனிக்கும்படி செய்தவர் ஆர்னால்டு கெகெல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர். 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரை புகழ் பெற்றது. அந்நாளில் கசிவு என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையைத்தான் நினைத்தார்கள். கெகெல் வேறு விதமாகச் சிந்தித்தார். அவரிடம் வந்த பல பெண்களுக்கு அப்படி ஒரு தசை தம்மிடம் இருப்பதே தெரியவில்லை. அதை எப்படி இறுக்குவது என்பதும் தெரியவில்லை. ஆகவே காற்று நிரம்பிய சிறிய இரப்பர் உறையோடு ஓர் அழுத்தமானியை இணைத்து ஒரு கருவியை உருவாக்கினார். தசையைச் சரியாக இறுக்கினால் முள் அசையும். தவறாகச் செய்தால் அசையாது. கண்ணுக்குத் தெரியாத தசையின் வேலையைக் கண்ணால் பார்க்கும்படி செய்ததே அவருடைய சாதனை. இன்றும் இந்தப் பயிற்சிகளைக் கெகெல் பயிற்சிகள் என்றே உலகம் முழுவதும் அழைக்கிறார்கள்.

ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டியதில்லை. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2018-இல் இந்தப் பயிற்சியைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டது. இருமல், தும்மலால் கசிவு ஏற்படும் பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் குணமடைந்ததாகத் தெரிவித்தனர். பயிற்சி செய்யாதவர்களில் 100-க்கு 6 பேர்தான் அவ்வாறு சொன்னார்கள். மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை, செலவும் இல்லை!

"இது நம் யோகத்தில் சொல்லப்பட்ட மூலபந்தம்தானே?" என்று சிலர் கேட்கலாம். மூலபந்தத்திலும் அசுவினி முத்திரையிலும் இதே பகுதியைச் சுருக்குவது உண்மைதான். ஆனால் யோகிகளின் நோக்கம் வேறு. கசிவுள்ளவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்து, மற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்தது இக்கால அறிவியல். பழமையைக் கண்டு பெருமை கொள்வதோடு நிறுத்தாமல், ஒப்பிட்டு அளந்து பார்ப்பதே அறிவியல் மாணவனுக்கு அழகு.

எப்படிச் செய்வது?

முதலில் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் பின்புறத்தை இறுக்குங்கள். கூடவே சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்புறத்தையும் இறுக்குங்கள். உள்ளே ஏதோ ஒன்று மேல்நோக்கித் தூக்கப்படுவது போல் தோன்றும். அதுதான் இடுப்புத்தளம். தொடை, புட்டம், வயிறு ஆகியவற்றை இறுக்கக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது, முக்கவும் கூடாது. கீழே தள்ளினால் பலன் தலைகீழாகிவிடும்.

தொடக்கத்தில் சில விநாடிகள் இறுக்கிப் பிடித்து, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். பழகப் பழகப் பத்து விநாடி வரை நீட்டிக்கலாம். ஒரு முறைக்கு எட்டுத் தடவையாவது, நாளைக்கு மூன்று முறை செய்ய வேண்டும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் முடிவு சொல்ல முடியும். நெல் விதைத்த மறுநாள் கதிர் பார்க்க முடியுமா? உட்கார்ந்தும் செய்யலாம், படுத்தும் செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் நீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. பை முழுவதும் காலியாகாமல் போகக்கூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இருமல் வரப்போகிறது என்று தெரிந்த கணமே தசையை இறுக்கிவிட வேண்டும். பாரம் தூக்குவதற்கு முன்பும் அப்படியே. முன்பு சொன்ன டெலான்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒரே நுட்பத்தை ஒரு வாரம் பழகிய பெண்களுக்கு இருமும்போது கசிவு வெகுவாகக் குறைந்தது. தசை பெருக்க ஒரு வாரம் போதாது. சரியான நேரத்தில் இறுக்கும் சாமர்த்தியம் வந்ததே காரணம்.

எல்லாக் கசிவும் ஒன்றல்ல

இடுப்புத்தளப் பயிற்சி சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. கசிவில் பல வகை உண்டு. சிலருக்குப் பை நிறையும் முன்பே அதன் சுவர் அவசரப்பட்டுச் சுருங்கும். கழிப்பறைக்குப் போவதற்குள் நீர் வந்துவிடும். இவர்கள் நீர் கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பையைப் பழக்க வேண்டும். காப்பி, தேநீரைக் குறைப்பதும் உதவும். தேவையானால் மருந்தும் உண்டு.

தாத்தாக்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துப் பாதையை அடைப்பதால் பை நிரம்பி வழிவது உண்டு. அடைப்பை நீக்காமல் பயிற்சி செய்து பயனில்லை. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசிவு ஏற்படும் ஆண்களுக்கோ இடுப்புத்தளப் பயிற்சியைக் கற்பிக்கிறார்கள். ஆகவே இது பெண்கள் சமாச்சாரம் மட்டும் என்று பையன்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்! சர்க்கரை நோயால் நரம்புகள் பழுதுபட்டாலும் கசிவு வரும். கருப்பை கீழே இறங்குவதை ஊரில் அடியிறக்கம் என்பார்கள். அதற்கு உள்ளே பொருத்தும் வளையமும் அறுவை சிகிச்சையும் உண்டு. பயிற்சியால் தீராத கசிவுக்குச் சிறுநீர்ப்புறவழியின் கீழே நாடா வைத்துத் தாங்கும் அறுவை முறையை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் 1996-இல் வெளியிட்டார்.

உடல் எடையும் முக்கியம். பருமனான பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில் எடையில் சுமார் 8 சதவீதம் குறைத்தவர்களுக்கு வாராந்திரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. வெறும் அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு 28 சதவீதம்தான் குறைந்தது.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், திடீரென்று கால் மரத்துப்போய் நீர் கட்டுப்பாடு இழப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அரசு செய்யக்கூடியது

"கூச்சத்தை விட்டுப் பேசினால் போதுமா? ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தால் போதுமா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர்தான். நான்கில் ஒருவர் கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் செய்தார். ஆகவே பக்கத்தில் இருந்து சரிபார்த்துக் கற்பிக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் நம்மிடம் இருக்கிறார் என்பதுதான் மகிழ்ச்சியான செய்தி. 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அதாவது ஏறக்குறைய ஒவ்வொரு தாயும் மருத்துவரையும் செவிலியரையும் சந்திக்கிறார். பிறகு கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். தடுப்பூசி அட்டையைப் பார்க்கும்போது, தாய்ப்பாலைப் பற்றிக் கேட்கும்போது, "இருமினால் நீர் கசிகிறதா அம்மா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் என்ன? நோயாளி வெட்கப்படலாம், கேட்கிறவர் வெட்கப்படக் கூடாது. பாதி வெட்கம் அந்தக் கேள்வியிலேயே போய்விடும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். பக்கவாதம் வந்த கைக்கும் மூட்டுவலி வந்த காலுக்கும் கொடுக்கும் கவனத்தை இடுப்புத்தளத்துக்கும் கொடுக்கலாம். அண்ணாமலை நகரில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை அரசு 2021-இல் ஏற்றுக்கொண்டது. இன்று அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. புவனகிரியிலிருந்து கூப்பிடு தூரம். கிராம செவிலியர்களுக்குச் சில நாள் பயிற்சி அளிக்க அங்கே மகப்பேறு மருத்துவர்கள் உண்டு. புதிய கட்டடமோ விலை உயர்ந்த இயந்திரமோ தேவை இல்லை.

பிரான்சு நாட்டில் 1980-களிலிருந்தே பிரசவித்த தாய்மார்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி வகுப்புகள் வழக்கத்தில் உள்ளன. அந்தச் செலவை அந்நாட்டுச் சமூகக் காப்புறுதி ஏற்கிறது. "அது பணக்கார நாடு" என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கே நடப்பது பயிற்சிதானே! பயிற்சிக்குத் தங்கமும் வெள்ளியும் வேண்டுமா? "டெங்குவும் புற்றுநோயும் இருக்கும்போது இது ஒரு பெரிய விஷயமா?" என்றும் சிலர் கேட்பார்கள். உயிரைக் கொல்லாத நோய் என்பது உண்மைதான். ஆனால் வயலில் தண்ணீர் குடிக்க அஞ்சும் பெண்ணிடமும், எலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டியிடமும் அந்த வாதம் எடுபடாது.

பள்ளியில் தொடங்கட்டும்

பள்ளி மாணவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். பள்ளி மாணவர்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும் என்பேன். காரணங்கள் உண்டு.

முதலாவது, பழக்கங்கள் இந்த வயதில்தான் உருவாகின்றன. பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்பதால் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகள் உண்டு. குடித்துவிட்டு நாள் முழுவதும் அடக்குகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. தண்ணீர் உள்ள, தாழ்ப்பாள் உள்ள, சுத்தமான கழிப்பறை ஒரு சலுகை அல்ல. அது ஆய்வுக்கூடத்தைப் போல பள்ளியின் அவசியமான பகுதி. வகுப்பு நடுவில் அனுமதி கேட்கும் மாணவரை ஆசிரியர்கள் கடிந்துகொள்ளாமல் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, உங்களில் சிலருக்கோ உங்கள் தம்பி தங்கைகளுக்கோ இரவில் படுக்கை நனையும் தொல்லை இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இது உண்டு. வளர வளரப் பெரும்பாலோருக்கு நின்றுவிடும். ஆழ்ந்த தூக்கத்தில் பையின் செய்தி மூளையை எழுப்புவதில்லை. சிலருக்கு இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதுமான அளவு சுரப்பதில்லை. இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. அடிப்பதும், பாயைத் தெருவில் காயப்போட்டு அவமானப்படுத்துவதும் மூடத்தனம். இதற்கும் சிகிச்சை உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பனுக்கு இப்படி இருப்பது தெரிந்தால் அதை அறை முழுவதும் பரப்பாதீர்கள். நின்றிருந்த பழக்கம் திடீரென்று திரும்பி வந்து, தாகமும் எடைக் குறைவும் கூட இருந்தால், சர்க்கரை நோயா என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் படித்த பிள்ளையின் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பற்றியும் கை கழுவுவதைப் பற்றியும் எத்தனையோ வீடுகளுக்குச் செய்தி கொண்டு போனவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தான். இந்தச் செய்தியையும் அவர்களால் கொண்டுபோக முடியும். பாட்டியிடம் நேராகக் கேட்கச் சங்கடமாக இருந்தால், மாட்டின் வாலில் தொடங்கிக் கதையாகச் சொல்லுங்கள். ஓஸ் பைப்பை வரப்பிலும் சேற்றிலும் போட்டுக் காட்டுங்கள். மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

ஆகவே உயர்நிலைப் பள்ளி உயிரியல் பாடத்தில், கழிவுநீக்க மண்டலத்தின் படம் சிறுநீர்ப்பையோடு முடிந்துவிடக் கூடாது. அதைத் தாங்கும் தசைத் தளத்தையும் வரைந்து, பெயர் எழுதிப் பாகங்களைக் குறிக்க வேண்டும். ஆசிரியர் அதைச் சிரிக்காமல், தயங்காமல் விளக்க வேண்டும். பெயர் தெரிந்த தசையைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது எளிது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இரவில் பாட்டி எழுந்து போகும் வழியில் விளக்கு இருக்கிறதா, தரை வழுக்குகிறதா என்று இன்றே பாருங்கள். அடுத்த முறை செவிலியர் அக்கா உங்கள் தெருவுக்கு வரும்போது, இந்தப் பயிற்சியைப் பற்றி அவரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்கும் குரலில் வெட்கம் இல்லாவிட்டால், பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கும் பேசத் துணிவு வரும்.